டிரைவர் சீட்டு எந்தப் பக்கம்

எதிர்வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "என்னடி, பால் வண்டியா செய்யிற?" என்று கேட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அட்டையில் செய்து, வெள்ளைவெளேரென்று பெயிண்ட் அடித்து வாசலில் காய வைத்திருந்தேன். மேலே துப்பாக்கிக் குழாய் இன்னும் ஒட்டவில்லை. "தம்பி ஓட்டுன வண்டி" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் எங்கள் வாசலைக் கடக்கும்போது செருப்புச் சத்தம்கூடக் கேட்பதில்லை. சாவு விழுந்த வீட்டுக்காரியிடம் சாதாரணமாகப் பேசுவது எப்படி என்று யாருக்கும் தெரிவதில்லை. எனக்கும் மற்ற வீட்டுச் சாவுகளில் தெரிந்ததில்லை.

அது வேலை முடியப்போகும் நேரம். தொடங்கிய கதை வேறு.

தம்பி ராணுவத்தில் டிரைவர். என்னைவிட மிகவும் இளையவன். அம்மா போன பிறகு நான்தான் அவனை வளர்த்தேன் என்று யாரிடமாவது சொன்னால், "எங்க வளத்த, அடிச்ச" என்று குறுக்கே பேசுவான். ஐ.நா. அமைதிப்படையோடு ஆப்பிரிக்காவுக்குப் போனான். எந்த நாடு என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. டிவியில் அந்தப் பெயர் வந்தால் நான் எழுந்து போய்விடுகிறேன்.

போன புதிதில் ஒரு நாள் வீடியோ காலில் வண்டியைக் காட்டினான். லாரி மாதிரியும் இல்லை, டேங்க் மாதிரியும் இல்லை. ஆற்று முதலை மாதிரித் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. சக்கரங்களைச் சுற்றி இரும்புப் பட்டை. பக்கவாட்டில் கறுப்பில் இரண்டு பெரிய ஆங்கில எழுத்துகள். மற்றபடி முழுக்க வெள்ளை.

"பட்டாளத்து வண்டின்னா ஒளியிறதுக்குப் பச்சை அடிப்பாக. இதுக்கு ஏன்டா வெள்ளை?" என்று கேட்டேன்.

"நாங்க சண்டைக்கு வரல, நடுவுல நிக்க வந்துருக்கோம்னு தூரத்துலயே தெரியணும்க்கா. அதுதேன்" என்றான்.

உள்ளே காட்டச் சொன்னேன். அதெல்லாம் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டான். விதியை மதிக்கிற பிள்ளை. எனக்கு இன்றுவரை அதில் கோபம் இருக்கிறது. அன்றைக்கு மட்டும் அவன் விதியை மீறி உள்ளே ஒரு சுற்றுக் காட்டியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

அங்கே மழைக்காலத்தில் மண்ரோட்டின் ஓரம் இடிந்து, வண்டி பக்கத்துச் சதுப்பில் சரிந்தது. குண்டும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. மலையில் நாங்கள் வருஷா வருஷம் பார்க்கிற மண்சரிவுதான். உள்ளே இருந்த எல்லோரும் வெளியே வந்தார்கள். தம்பி வரவில்லை.

பெட்டியோடு அவன் கூட்டாளி ஒருவர் வந்திருந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், அதே வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனவர். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டி எந்தப் பக்கமாச் சாஞ்சுச்சு தம்பி?"

"எடது பக்கம்பா."

அப்பா கையை விட்டுவிட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று வேலூர்த் தம்பிக்கு எப்படித் தெரியும்? எனக்கே காரியம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

அப்பா போடிமெட்டு ரோட்டில் ஜீப் ஓட்டியவர். விடிவதற்குள் போடியில் ஆள் ஏற்றி, கொண்டை ஊசிகளைத் தாண்டி, ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயந்தரம் திரும்ப அழைத்துவருவார். சர்க்கரை கண்ணைத் தின்கிறவரைக்கும் அதுதான் அவர் சோலி. அந்த ரோட்டு டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் இல்லாவிட்டாலும் அப்பாவின் செட்டு அதைக் கறாராகக் கடைப்பிடித்தது. ஏற்றிய ஆட்களில் கடைசி ஆளும் இறங்காமல் டிரைவர் இறங்கக் கூடாது. டீக்கடையில் நிறுத்தினாலும் அப்படித்தான். காரணம், பிரேக் போன வண்டியிலிருந்து குதித்துத் தப்பித்த டிரைவர் ஒருவர் உண்டு. வண்டியிலிருந்த பெண்களுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, பாறையில் முட்டி நின்றுவிட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் ஜீப்பில் ஒரு பெண்ணும் ஏறவில்லை. வண்டியை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார். அப்பா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால்கூட, நாங்கள் இறங்கி உள்ளே போகிறவரைக்கும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தம்பிக்கு வண்டி பழக்கியபோது இதையும் சேர்த்தே பழக்கினார். பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்றும் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னார். "எங்க போனாலும் ஏத்துன ஆளு இறங்காம நீ இறங்காத அப்பு." நான் பக்கத்தில்தான் நின்றேன். அறிவுரையை ஆரம்பித்துவிட்டாரே என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

இப்போது அந்த ஒற்றைக் கேள்விக்கு வருகிறேன். வண்டி இடது பக்கம் சரிந்தது. டிரைவர் வலது பக்கம் உட்கார்ந்திருப்பான். அப்படியென்றால் அவன் மேலே இருந்திருக்கிறான். எல்லோருக்கும் முன்னால் அவனால்தான் எழுந்து வெளியே வந்திருக்க முடியும். வரவில்லையென்றால் காத்திருந்திருக்கிறான். யார் சொல்லிக் காத்திருந்தான்?

"நாஞ்சொன்ன சொல்லுதேன் ஆத்தா அவனக் கொன்னுருச்சு" என்றார் அப்பா என்னிடம்.

ஊர் வேறு இதற்குத் தோதாக நடந்துகொண்டது. எல்லோரையும் காப்பாற்றிவிட்டுத் தன் உயிரைத் தந்தவன் என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெருமுனை வரை பேனர். பேனரில் தம்பிக்குப் பக்கத்தில் அவனைப் பார்த்தே இராதவர்களின் படங்கள், கும்பிட்ட கையோடு. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அப்பாவிடம், "உங்க வளர்ப்பு அப்படி" என்றார்கள். நல்லதாகத்தான் சொன்னார்கள். ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போன பிறகு அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து எனக்கு அவர்களை வாரியலால் அடிக்க வேண்டும்போல இருக்கும்.

கொஞ்ச நாளில் அப்பாவின் தலையணைக்கு அடியில் சர்க்கரை மாத்திரைகள் கிடந்தன. விழுங்குவதுபோலப் பாவனை செய்துவிட்டு ஒளித்து வைத்திருக்கிறார். கேட்டதற்கு, "மறந்துட்டேன்" என்றார். அப்பா எதையும் மறக்கிறவர் இல்லை. அவர் போவதற்கு முடிவுகட்டிவிட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்த்துத்தான் விட்டேன். எத்தனை நாளைக்கு இப்படிப் பார்ப்பது?

"ஜீப்பு மாதிரி இல்லப்பா அது. நெனைச்சா குதிச்சிர முடியாது. மேல இரும்பு மூடி" என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீ பாத்தியா?"

"போட்டோல பாத்தேன்."

"எனக்கு எங்கிட்டுத் தெரியும் போட்டோல? கைக்குத் தெரியணும்ல?"

அவர் அலுப்பில்தான் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். கைக்குத் தெரிகிற மாதிரி ஒன்று செய்துவிட்டால், அந்தப் பெட்டிக்குள் விரலை விட்டு, இதற்குள்ளிருந்து மனுசன் லேசில் வர முடியாது, அவன் காத்திருக்கவில்லை, மாட்டிக்கொண்டான் என்று அவரே உணர்ந்துவிடுவார். மாத்திரையை விழுங்குவார். என் கணக்கு அவ்வளவுதான்.

நான் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் சரக்குக் கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கிறவள். சல்லடையில் சலித்துக் கொட்டிய காயைப் பரப்பி வைத்து, வெடித்ததையும் சொத்தையையும் கருத்ததையும் எடுத்துப் போடுவது. விரல் நல்ல பழக்கம். ஆனால் பொம்மை செய்து பழக்கமில்லை. கடையில் விற்கிற பிளாஸ்டிக் மாதிரியை வாங்கலாமா என்று முதலில் போனில் தேடினேன். அதில் சக்கரமே சட்டைப் பொத்தான் அளவு. அப்பாவின் விரல் நுழைய வேண்டும். ஆகவே நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்குக்கு வண்டி என் ஒரு கை நீளத்துக்கு வந்தது. டிரைவர் ஏறுகிற ஓட்டையில் இரண்டு விரல் தாராளமாகப் போகும்.

போனில் எத்தனை படம், எத்தனை வீடியோ. எந்த நாட்டுக்காரர்களோ அறை முழுக்கக் கருவிகளை வைத்துக்கொண்டு இந்த வண்டியைச் சின்னதாகச் செய்கிறார்கள். சந்தோஷமாகச் செய்கிறார்கள். பெயிண்ட் காய்ந்ததும் அதற்கு மேல் சேற்றுக் கறை படிய வைப்பது எப்படி என்று ஒருவர் நெடுநேரம் சிரித்துக்கொண்டே விளக்கினார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். சேறு பற்றி அவர் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேனர் கடையில் போர்டு வாங்கினேன், படம் ஒட்டி மாட்டுவார்களே, அந்த லேசான வெள்ளை அட்டை. கத்தியில் நன்றாக வெட்டுப்படும். பட்டைக்கு சைக்கிள் டியூப். புகை போகிற இடத்துக் கம்பிவலைக்குக் கிட்டங்கியில் கிழிந்து கிடந்த சல்லடையிலிருந்து ஒரு துண்டு. என் வீட்டுக்காரர் மலைமேல் ஒரு தோட்டத்தில் காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்கி வருவார். வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து சக்கரங்களை வெட்டித் தந்தார். பக்கத்துக்கு ஆறு. மலையாளத்தாரோடு பழகிப் பழகி அவர் பேச்சே மாறிப்போயிருந்தது. நான் எதைச் சொன்னாலும், "மனசிலாயி, மனசிலாயி" என்பார். சக்கரம் மட்டும் நீள்வட்டமாக வரும். "என்ன மனசிலாச்சு உங்களுக்கு" என்று கத்துவேன். எங்கள் வீட்டில் வெகு நாளைக்குப் பிறகு கேட்ட சத்தம் அதுதான். அப்பா கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

உடம்பை ஒட்டி முடித்து, டிரைவர் உட்காருகிற அறையைத் தடுத்து, சீட்டு வைத்து, மேலே அவன் ஏறுகிற ஓட்டைக்கு ஒரு மூடி போட்டேன். இதன் ஸ்டீயரிங் வட்டமாக இருக்காது, பைக் ஹேண்டில் மாதிரி இருக்கும் என்று படித்திருந்தேன். கம்பியை வளைத்து அதையும் வைத்தேன். கூரை மட்டும் பின்பக்கம் பாக்கி. அதற்குள் அப்பா கேட்டுவிட்டார். கொண்டுபோய் மடியில் வைத்தேன்.

அவர் தடவியதை எப்படிச் சொல்வது? முதலில் சக்கரங்கள். பிறகு சரிந்த மூக்கு. "இம்புட்டுச் சரிவா" என்றார். பின்கதவு இரண்டு. பின்னால் ஆட்கள் முதுகோடு முதுகு ஒட்டி உட்காருகிற பெஞ்சு. கடைசியாக முன்பக்கம் வந்து மூடியைக் கண்டுபிடித்தார். ஒற்றை விரலால் நெம்பினார். திறந்துகொண்டது. அட்டை மூடிதானே. உள்ளே விரலை விட்டுச் சீட்டைத் தொட்டார். ஹேண்டிலைத் தொட்டார்.

"இந்தா, வலப்பக்கம்" என்றார். "நாஞ்சொல்லல? மேல இருந்துருக்கான். ஒத்த வெரல்ல தொறக்குது."

"அது அட்டைப்பா. நெசத்துல ஆளு தூக்க முடியாத கனம்."

"அவன் தூக்குவான்."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அவரை மீட்பதற்கென்று செய்ததை வைத்து அவர் குற்றத்தை நானே ருசுப்படுத்திக் கொடுத்திருந்தேன். மூடியைப் பிய்த்து எடுத்துவிட்டுத் தகரத்தில் வெட்டி, மேலே நட்டுகளை ஒட்டிக் கனமாக்கினேன். ஆத்திரத்தில் விரலில் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம். மூடியின் கனம் அவருக்குப் பொருட்டே இல்லை என்று எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் என்பதுதான் அவர் பேச்சு.

அடுத்த வாரம் சல்லடைத் துண்டை ஒட்ட உட்கார்ந்தேன். புகை வெளியே போகிற இடம் வண்டியின் வலது பக்கம் மேலே. அதைப் பின்னாலிருந்து எடுத்த ஒரு படத்தில் பார்த்துக் குறித்து வைத்திருந்தேன். அளந்து பார்த்தால் அது நேராக டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே வருகிறது. அப்படியென்றால் எஞ்சினும் அங்கேதான் இருக்க வேண்டும். டிரைவர் அறையைத் தடுத்தது போக அந்தப் பக்கம் எஞ்சினுக்கு இடமே இல்லை. இடது பக்கமோ சும்மா காலியாகக் கிடக்கிறது. எங்கேயோ அளவு தப்பிவிட்டது என்று ஸ்கேலை எடுத்து மறுபடி மறுபடி அளந்தேன். அளவு சரிதான்.

போனை எடுத்து மூடிக்காக நான் வைத்திருந்த படத்தைப் பார்த்தேன். முன்னாலிருந்து எடுத்தது. வண்டி என்னைப் பார்த்து நிற்கிறது. மூடி என் வலது கைப் பக்கம் இருக்கிறது. என் வலது கைப் பக்கம். எதிரே நிற்கிற வண்டிக்கு அது இடது.

எதிரே வருகிற ஜீப்பில் டிரைவர் என் இடது கைப் பக்கம்தான் தெரிவார் என்பது போடிமெட்டு ரோட்டில் வளர்ந்த எனக்குத் தெரியாதா? ஆனால் படத்தைப் பார்த்தபோது அந்த யோசனையே வரவில்லை. டிரைவர் என்றால் வலது. இந்த ஊரில் ஜீப்பு, பஸ்சு, லோடு வண்டி எல்லாவற்றிலும் வலது. படத்திலும் வலது பக்கம் மூடி தெரிந்தது. அதோடு பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அப்பா பார்க்காமலே வலது என்றார். நான் பார்த்துவிட்டும் வலது என்றேன்.

மேலிருந்து வரைந்த படம் ஒன்றைத் தேடி எடுத்தேன். வலது பக்கம் எஞ்சின். இடது பக்கம் டிரைவர்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க மாட்டேன். தம்பி காத்திருக்கவில்லை. அப்பா சொன்ன சொல்லுக்கும் அவன் சாவுக்கும் சம்பந்தமில்லை. அப்பா கொல்லவில்லை. தலையைத் தூக்கி, "அப்பா" என்று கூப்பிட வாயெடுத்துவிட்டேன். அதற்குள் மிச்சமும் புரிந்துவிட்டது. வண்டி இடது பக்கம் சரிந்தது. அவன் இடது பக்கம் இருந்தான்.

கூப்பிடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்தாத. இருந்தபடி இருக்கட்டும்" என்றார்.

"தான் கொன்னதா நெனச்சுக்கிட்டுச் சாகட்டுமா?"

"அப்படிச் சொல்லல. ஆனா மாமா இப்பக் கையில ஒண்ணப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. அதப் பிடுங்கப் போற. யோசிச்சுக்க."

எனக்கு அது விளங்கவில்லை. குற்றத்தை யாராவது பிடித்துக்கொண்டு இருப்பார்களா? இந்த மனுசன் எப்போதும் எதையும் மாற்றாதே என்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாற்றுவதற்கு முன்னால் வேலூர்த் தம்பிக்குப் போன் போட்டேன். நலம் விசாரித்துவிட்டு, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "அந்த வண்டியில டிரைவர் எந்தப் பக்கம் தம்பி?" என்றேன்.

"எடது பக்கம்க்கா. ஏன்?"

"அப்ப வண்டி அவன் பக்கமாத்தான் விழுந்துச்சா?"

"ஆமாக்கா. மூக்குதான் மொதல்ல எறங்குச்சு. நாங்க பின்கதவு வழியா வந்துட்டோம். முன்னாடி போறதுக்குள்ள அவன் பக்கம் சேத்துல போயிடுச்சு. மூடி அடியில."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. "அவன் ஒடனே போயிட்டானா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா" என்றார். "தட்டுனான். நாங்க மேல நின்னு கையால, கம்பியால என்னென்னவோ பண்ணோம். கொஞ்ச நேரம் தட்டிக்கிட்டே இருந்தான்."

பிறகு அவர் அழுதார். நான் அழவில்லை. "நீங்க என்ன செய்வீக தம்பி, சாப்புட்டீகளா" என்று என்னென்னவோ கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். கிட்டங்கிக்குப் போய் உட்கார்ந்தேன். அன்று நான் பிரித்த காயில் நல்லதும் சொத்தையும் கலந்து கிடந்தது என்று மேஸ்திரி மறுநாள் திட்டினார்.

தட்டியதை அப்பாவிடம் சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்தேன். பக்கத்தை மட்டும் திருத்துவது. அவர் குற்றவாளி இல்லை என்பதற்கு அது போதும். முன்பக்கக் கூரையைப் பெயர்த்து எடுத்தேன். தடுப்பை மாற்றினேன். சீட்டும் ஹேண்டிலும் இடது பக்கம் போயின. வலது பக்கம் எஞ்சினுக்காக ஒரு கட்டையை இறக்கி ஒட்டினேன். தகர மூடிக்குக் கீல் வைத்தேன். பிறகு வெள்ளை அடித்தேன். கண் தெரியாதவருக்கு எதற்கு வெள்ளை என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அடித்திருப்பேன். பக்கவாட்டில் அந்த இரண்டு எழுத்துகளையும் கறுப்பில் எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக எப்போதும் வந்ததில்லை.

அப்பா காலைக் கஞ்சி குடித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

"அப்பா, நான் தப்பாச் செஞ்சுபுட்டேன். டிரைவர் சீட்டு வலது பக்கம் இல்ல. எடது பக்கம். வேலூர்த் தம்பிகிட்டயும் கேட்டுட்டேன்."

அவர் கை மெதுவாக மூக்கிலிருந்து ஏறி, வலது பக்கம் போய்த் தேடியது. அங்கே கட்டைதான் இருந்தது. இடது பக்கம் வந்தது. மூடியைத் தொட்டுத் தூக்கினார். இப்போது கனமாக இருந்தது. விரலை உள்ளே விட்டுச் சீட்டில் வைத்தார்.

"எடது பக்கமாத்தான சாஞ்சுச்சு" என்றார்.

"ஆமாப்பா. அவன் அடியில மாட்டிக்கிட்டான். காத்துக்கிட்டு இருக்கலப்பா. நீங்க சொன்னதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

சொல்லிவிட்டேன். எத்தனையோ நாளாகச் சொல்லத் தவித்த வார்த்தை. அவர் முகம் லேசாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா விரலைச் சீட்டிலிருந்து எடுக்கவில்லை. கை உள்ளே போகிற அளவுக்குப் பின்பக்கக் கூரையிலும் தடுப்பிலும் நான் வழி விட்டிருந்தேன், அதன் வழியாக இன்னொரு கையை விட்டு இந்த விரலைச் சந்தித்தார். பிறகு முதல் கையை எடுத்து மூடியை மூடிவிட்டு, வண்டியைப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாக, இடது பக்கமாகக் கட்டிலில் சாய்த்தார். மூக்கைத் தலையணையில் அழுத்தினார். உள்ளேயிருந்து விரலால் மூடியைத் தள்ளினார். மெத்தை அழுத்தியது. திறக்கவில்லை. மறுபடி தள்ளினார்.

பிறகு விரல் நுனியால் தகரத்தைத் தட்டினார். டொக், டொக் என்று. நான் அவரிடம் அதைச் சொல்லவே இல்லை.

"வெளிய வரத்தேன் பாத்துருக்கான்" என்றார்.

நான் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாஞ்சொன்னதக் கேட்டுக்கிட்டு இருந்தான்னு நெனச்சேன் ஆத்தா. கடைசி நேரத்துல எஞ்சொல்லு அவங்காதுல இருந்துச்சுன்னு நெனச்சேன். கொன்னவன்னாலும் நான் பக்கத்துல இருந்தேன்ல." மூடியை உள்ளேயிருந்து தடவினார். "ஒருத்தரும் இல்லாமயா இருந்தான் எம்பிள்ள?"

வீட்டுக்காரர் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துவந்தேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். விழுங்கினார். நாக்கை நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இப்போதும் தவறாமல் விழுங்குகிறார். அந்த மட்டில் என் கணக்கு பலித்துவிட்டது.

அன்று மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். வண்டி சாய்ந்தபடியே இருந்தது. அவர் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தார், கை அதற்குள்ளேயே இருந்தது. வண்டியை நிமிர்த்தி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும். நான் செத்த நேரம் அவங்கூட இருக்கேன்" என்றார். "நீ சாப்புடு ஆத்தா."